கனத்துக்கு ஏறியவர்கள்

போன வாரம் மாப்பிள்ளையிடமிருந்து போனுக்கு இரண்டு படங்கள் வந்தன. என் மகளைக் கட்டியவர். கோயம்புத்தூரில் நல்ல வேலை, சனி ஞாயிறு வந்தால் மலையும் சேறும் தேடிப் போகிற ஆசாமி. புதிதாக ஜீப் வாங்கியிருக்கிறார். முதல் படத்தில் வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிக் காட்டியிருந்தது, அடுத்ததில் நாலு அங்குலம். கூடவே ஒரு குரல் பதிவு: "மாமா, நீங்க அந்தக் காலத்துலயே மலையில ஜீப் ஓட்டுனவங்க. ரெண்டா, நாலா? நீங்க சொல்றதத்தான் போடப்போறேன்."

மாமனாரிடம் யோசனை கேட்கிற மருமகன் கிடைப்பது குதிரைக் கொம்பு. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

முதலில் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். நான் ஜீப் ஓட்டியவன் இல்லை. ஓட்டியது என் மாமா, அக்காள் வீட்டுக்காரர். நான் பின்னால் தொங்கிக்கொண்டு, ஆள் ஏற்றி இறக்கி, மூட்டைக்குக் கயிறு கட்டிக்கொண்டு போனவன். வீட்டில் பழைய கதை பேசும்போது வருஷத்துக்கு ஓர் அடியாக முன்சீட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டேன் போலிருக்கிறது.

அந்த ஜீப்புக்கென்று ஒரு வாசனை இருந்தது. டீசல், ஈரச் சாக்கு, கடுக்காய், யாரோ மடியில் வைத்துக்கொண்டு வந்த பலாப்பழம், இவ்வளவும் சேர்ந்த வாசனை. இப்போதும் கள்ளக்குறிச்சியில் நாட்டுமருந்துக் கடையைத் தாண்டும்போது கடுக்காய் வாசனை மூக்கில் ஏறினால் இடுப்பு தானாகக் கம்பியைப் பிடிக்கத் தயாராகிறது. எங்கோ ஓர் அரசாங்க இலாகா கழித்துப் போட்ட வண்டி அது. மாமா அதை வாங்கி, கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஓட்டினார். கரியாலூரைத் தாண்டி உள்ளே ஏழெட்டு மைல் மண்பாதை. பாதை முடிகிற ஊரில் அக்கா ஒரு டீக்கடை போட்டிருந்தாள். அஞ்சலை என்று பெயர். வடக்கனந்தலில் கரும்புக் கொல்லைக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள், கட்டிக்கொண்டு போன ஆறே மாதத்தில் மலைக்காரியாகிவிட்டாள். நான் பட்டப்படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் அவர்களோடு போய் ஒட்டிக்கொண்டேன்.

அந்தப் பாதையில் ஓர் ஓடை குறுக்கே வரும். தண்ணீர் பெரிதில்லை, கற்கள்தான் வில்லங்கம். பின் அச்சின் நடுவில் குண்டு ஒன்று தொங்குமே, அது ஒவ்வொரு நடைக்கும் கல்லில் இடிக்கும். மாமாவுக்கு அந்தச் சத்தம் தன் பல்லில் இடிப்பது மாதிரி. கடைசியில் வண்டியைத் தூக்கிக் கட்டிவிடுவது என்று முடிவானது. இன்றைக்கு மாப்பிள்ளை பெட்டியில் வரவழைக்கிற சாமானெல்லாம் அன்று கிடையாது. சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளோடு, பழைய லாரியிலிருந்து கழற்றிய பட்டைகளை வெட்டிச் சேர்த்து போல்ட்டைப் போட்டு இறுக்குவார்கள். வண்டி நிமிர்ந்துகொள்ளும்.

கள்ளக்குறிச்சிப் பட்டறையில் மேஸ்திரி இரண்டு பட்டை சேர்ப்பதா நாலு சேர்ப்பதா என்று கேட்டார். மாமா இரண்டு போதும் என்றார். நான்தான் நாலு என்றேன். ஏன் என்று இப்போது கேட்டால் ஓடைக்கல், மண்பாதை என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். உண்மை என்னவென்றால் பட்டறை வாசலில் நாலு பட்டை போட்ட ஒரு ஜீப் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் எங்கள் வண்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. நான் வேறு ஆள் குள்ளம்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே எச்சரித்தார்: "நாலு போட்டா லோடு இருக்கும்போது மெத்தையில போற மாரி போவும். காலியா போனா முறத்துல போட்டு பொடைக்கிற மாரி பொடைச்சிடும். யோசிச்சிக்கங்க."

நான் யோசிக்கவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். மச்சினன் ஆசைப்படுகிறான் என்று விட்டுவிட்டார். அவருக்கு எதிர்த்துப் பேச வராது. அந்த நல்ல குணத்துக்கு அவர் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

வண்டி உயர்ந்து நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கச்சிராயபாளையம் பஸ் நிற்கும் இடத்தில் அதன் பக்கத்தில் சாய்ந்துகொண்டு நிற்பதே ஒரு வேலையாக இருந்தது. ஓடையைப் பூனை மாதிரி தாண்டியது, குண்டில் ஒரு கீறல் விழவில்லை. ஆனால் ஏறத்தான் முடியாது. வயசானவர்களைக் கீழே இரண்டு பேர் தள்ளி மேலே ஒருவர் இழுக்க வேண்டும். ஒருமுறை ஒரு கிழவியை ஏற்றி முடிப்பதற்குள் அவள் கக்கத்தில் இருந்த கோழி தப்பித்து ஓடி, கோழியைப் பிடிக்க அவள் இறங்கி, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். அப்புறம் ஒரு பலாமரக் கட்டையை வெட்டிப் படியாக வண்டியிலேயே வைத்துக்கொண்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, கட்டை வண்டிக்கா மச்சினனுக்கா என்று மாமாவிடம் கேட்டாள்.

மேஸ்திரி சொன்ன மற்ற பாதியும் பலித்தது. இருபது பேரை அடைத்துக்கொண்டு போனால் வண்டி தொட்டில் மாதிரி போகும். காலியாக வந்தால் கூழாங்கல் மேல் ஏறினாலும் தலை கூரைக் கம்பியில் போய் முட்டும். எங்கள் வரைக்கும் அது வேடிக்கைதான். மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த ஒருவரைக் கீழே கொண்டுபோக வேண்டி வந்தபோதுதான் வினையாயிற்று. வண்டியில் அவரும் அவர் மகனும் மட்டும். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவர் போட்ட கூச்சலில் மாமா வண்டியை நிறுத்திவிட்டார்.

அங்கே சடையன் வந்தார். மலைக்காரர், மரவள்ளி போடுகிறவர், அக்கா கடையில் தினமும் முதல் டீ குடிக்கிறவர். விஷயத்தைக் கேட்டார். கனம் இல்லாததால்தான் தூக்கிப் போடுகிறது என்று மாமா விளக்கினார். சடையன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "கனந்தான வேணும்? நாங்க ஏறிக்கிறோம்" என்றார்.

பத்துப் பன்னிரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். கீழே யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது. சும்மா கனத்துக்கு. கால் ஒடிந்தவர் அலுங்காமல் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். அவர் பக்கத்தில் நாங்கள் இருக்க வேண்டி வந்ததால் அவர்கள் அத்தனை பேரும் அரை நாள் மலையேறி நடந்தே ஊர் திரும்பினார்கள்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பாம்பு கடித்தவர், காய்ச்சலில் கிடப்பவர், பிரசவத்துக்குப் போகிறவள், யாராக இருந்தாலும் ஜீப் புறப்படும்போது சடையன் வாயில் கை குவித்து "கனத்துக்கு வாங்க" என்று ஒரு குரல் கொடுப்பார். கொத்திக்கொண்டிருந்தவர்கள் கொத்தைப் போட்டுவிட்டு வருவார்கள். அவர்களுக்கும் நோயாளிக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல்கூட இருக்கும். ஏறி உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கனமாக மட்டும் வருவார்கள். நான் போட்ட தப்புக் கணக்கை ஓர் ஊரே தன் உடம்பை வைத்து நேர்செய்துகொண்டிருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அக்கா உண்டானாள். அந்த ஏழு வருஷமும் அவள் எத்தனை பேச்சுக் கேட்டாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவள் டீ ஆற்றுகிற விதமே மாறிவிட்டது. கையை அவ்வளவு உயரம் தூக்கமாட்டாள். எட்டாம் மாதம் முடிந்ததும் வடக்கனந்தலுக்குக் கூட்டிவந்துவிடுவதாக ஏற்பாடு.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். படித்துவிட்டு வேலையில்லாத பிள்ளை இருந்த வீடு எதுவாக இருந்தாலும் அந்தக் கோபம் உள்ளே இருந்தது. என்னிடமும் இருந்தது. ஒரு வாரம் ரோட்டை மறிக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது நாங்கள் மலையில் இருந்தோம். இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். கீழே சாலையோரப் புளியமரங்களைச் சாய்த்துப் போட்டுவிட்டார்கள், பஸ் இல்லை, லாரி இல்லை என்று நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். கள்ளக்குறிச்சி அருகே ஒரு வேன் நிறைய வந்த கல்யாணக்காரர்களைப் போராட்டக்காரர்கள் என்று போலீஸ் இறக்கிக் கொண்டுபோய்விட்டதாகவும் ஒருவர் சொன்னார். அதை நம்பினேன். நேரில் பார்த்தவர் யார் என்று கேட்கவில்லை.

நாலாம் நாள் காலையில் அக்காவுக்கு வலி கண்டது. நாள் இன்னும் இருந்தது. அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாமா வண்டியைக் கிளப்பினார். சடையன் குரல் கொடுக்கக்கூட இல்லை, அதற்கு முன்பே ஆட்கள் வந்து பின்னால் ஏறிவிட்டார்கள். பதினைந்து பேர் இருக்கும். இத்தனை வேகமாக அவர்கள் யாருக்கும் வந்ததில்லை. அக்கா கையால் டீ குடித்தவர்கள்.

நான் அவர்களை இறங்கச் சொன்னேன்.

ஒரு ஜீப் நிறைய ஆம்பிளைகளைப் பார்த்தால் போலீஸ் விடாது, எல்லாரையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், வண்டி நின்றுவிடும் என்றேன். படித்தவன் சொல்கிறான் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். மாமா கல்லாவது ஏற்றலாம் என்றார். கல்லோடு போனால் பஸ்மேல் எறியக் கொண்டுபோகிறோம் என்பார்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. கடைசியில் கடையில் இருந்த ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிப் போட்டோம். அது எந்த மூலைக்கு? சடையனின் மனைவி பொன்னியை மட்டும் துணைக்கு ஏற்றிக்கொண்டேன். பெண்களை ஏற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இத்தனை வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கனம் என்றால் ஆம்பிளைகள் என்று பழகிவிட்டது, அன்று தோன்றவில்லை.

அக்கா பொன்னியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். கீழே நிற்பவர்களைப் பார்த்தாள்.

"டேய், அவங்க ஏறட்டுண்டா" என்றாள்.

"போலீசு புடிச்சிக்கினா இன்னா பண்றது? நீ சும்மா இருக்கா" என்றேன்.

அவள் சும்மா இருந்தாள்.

மாமா தன்னால் முடிந்த அளவுக்கு மெதுவாகத்தான் ஓட்டினார். மெதுவாக ஓட்டினாலும் பட்டை பட்டைதானே. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி துள்ளியது. நானும் பொன்னியும் அக்காவை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். எங்கள் கனத்தையும் மீறி அவள் உடம்பு எழும்பி விழுந்தது. முதலில் ஒவ்வொரு துள்ளலுக்கும் அம்மா அம்மா என்றாள். ஓடையைத் தாண்டியதும் சத்தத்தை நிறுத்திவிட்டாள். வலி குறைந்துவிட்டது என்று நான் மாமாவுக்குச் சொன்னேன். அவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார், மறுபடி பார்க்கவில்லை.

மலையை விட்டு இறங்கினால் வடக்கனந்தல் பக்கத்தில் பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் ஊர்ப் பையன்கள்தான், என் சித்தப்பா மகனும் இருந்தான். வண்டிக்குள் எட்டிப் பார்த்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடி, கரும்பை வெட்டி வழி பண்ணினார்கள். வாய்க்காலில் இறங்கி, வரப்பில் ஏறி, மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தோம். அடுத்த மரத்துக்கும் அப்படியே. நாலு பட்டை போட்டு நிமிர்ந்து நின்ற வண்டியாக இல்லாவிட்டால் அந்த வாய்க்காலைத் தாண்டியிருக்க முடியாது. இது உண்மை. இந்த உண்மையால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

கள்ளக்குறிச்சி வரைக்கும் வழியில் ஒரு போலீஸ்காரரைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள். பிறந்த பையனுக்கு உயிர் இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றி மாமாவிடம் கொடுத்தார்கள். தலைநிறைய முடி. நான் டாக்டரம்மாவிடம், வழியில் அலுங்கினதாலா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷி. "அப்டி சொல்ல முடியாதுப்பா. துடிப்பு காலையிலயே நின்னுபோயிருக்கலாம், வழியிலயும் நின்னிருக்கலாம்" என்றார். நான் அந்த முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம் என்று வெகுநாள் முயற்சி பண்ணினேன். முடியவில்லை. ஓடையைத் தாண்டியதும் அவள் சத்தத்தை நிறுத்தினாளே, அது விடமாட்டேன் என்கிறது.

மறியல் முடிந்து, மரங்களை அறுத்து ஓரம் ஒதுக்கின பிறகு அக்காவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். வடக்கனந்தலில் தங்கச் சொல்லி அம்மா அழுதாள். தன் வூட்டுக்குத்தான் போவேன் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். பலாக்கட்டையைப் போட்டுக் கையைப் பிடித்து ஏற்றினேன். கச்சிராயபாளையம் தாண்டி, அணைக்குத் திரும்பும் இடத்துக்கு வந்தால் ரோட்டோரம் ஒரு கூட்டம். மாமா வண்டியை நிறுத்தினார்.

சடையன் நின்றிருந்தார். அவரோடு ஆண்களும் பெண்களுமாக இருபது பேருக்கு மேல். அன்றைக்குத்தான் அக்கா வருகிறாள் என்று கேள்விப்பட்டு, விடிந்ததும் மலையிலிருந்து நடந்து இறங்கி வந்திருக்கிறார்கள். யாரும் துக்கம் கேட்கவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒவ்வொருவராக ஏறி, நெருக்கி உட்கார்ந்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். இடம் போதாமல் இரண்டு பேர் பின்னால் தொங்கினார்கள்.

வண்டி மலையேறியது. கற்கள் அதே கற்கள்தான். அக்கா முன்சீட்டில், வெறும் மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓடையில் இறங்கி ஏறினோம், மடியில் இருந்த கை அசையவில்லை. அக்கரைக்கு வந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கி அலுங்கவே இல்ல, இல்லடா?" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. அக்காவுக்கு அது தெரியாது. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு எத்தனையோ துக்கத்துக்கு அழுதிருக்கிறேன். அன்றைக்கு அழ முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த நாலு மைலுக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது மாமா வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். சேர்த்த பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். உதவிக்குக் குனிந்தேன். வேண்டாம், நான் பாத்துக்கிறேன் என்றார். அவ்வளவுதான் அவர் என்னிடம் பட்ட கோபம். குண்டு திரும்பவும் கல்லில் இடிக்க ஆரம்பித்தது. அடுத்த மாதமே நான் வேலை தேடுகிற சாக்கில் இறங்கி வந்துவிட்டேன். ஏதோ ஒரு வேலையும் கிடைத்தது. அக்காவுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

இப்போது கரியாலூருக்குத் தார்ரோடு, அதைத் தாண்டி உள்ளேயும் தார்ரோடு. ஓடை மேல் பாலம் வந்துவிட்டது, கற்கள் அடியில் எங்கேயோ கிடக்கின்றன. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. நல்லதுதான், வராத காலத்தைப் பார்த்தவன் நான், குறை சொல்ல மாட்டேன். ஜீப் இரும்புக் கடைக்குப் போனது. மாமா போனார். சடையன் போய்ப் பத்து வருஷமாவது இருக்கும். கனத்துக்கு ஏறுவது என்று ஒன்று இருந்ததை மலையிலேயே இன்றைக்கு எத்தனை பேர் நம்புவார்களோ தெரியாது. போன வருஷம் அக்காவும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். மாமா பக்கத்திலேயே புதைக்கச் சொல்லியிருந்தாள்.

மேலே கொண்டுபோக ஒரு வேன் பிடித்தோம். மகளும் மாப்பிள்ளையும் பின்னால் காரில் வந்தார்கள். வேன் டிரைவர் மரியாதையான பிள்ளை, முன்னால் ஏசியில் உட்காருங்கய்யா என்றார். நான் பின்னால் ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அங்க வசதியா இருக்காதே என்றார்.

"பரவாயில்லப்பா. பின்னாடி கனம் கம்மியா கீது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை, கதவைச் சாத்தினார். மாப்பிள்ளைக்கு நான் இரண்டு என்றுதான் சொல்லப்போகிறேன். காரணம் கேட்பார், என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு வேன் கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் நான் எழுந்து கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். அணைக்குத் திரும்பும் இடம் வந்தது. ரோட்டோரம் யாரும் இல்லை. தார்ரோட்டில் வண்டி கொஞ்சமும் அலுங்காமல் மலையேறிப் போனது.